கோவலன் காணாத வணிகர்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மண்ணில் குடியேறிய மக்களுக்குச் சிலப்பதிகாரத்தைப் போல நெருக்கமான காப்பியம் பிறிதொன்று இல்லை எனலாம். கைப்பொருள் அனைத்தையும் இழந்த இளைஞன் ஒருவன், மனைவியின் அணிகலன் ஒன்றையே முதலாகக் கொண்டு, புதிய நகரில் புதிய வாழ்வு தேடிப் புறப்படுகின்றான். தாயின் வளையலை அடகு வைத்து இரயிலேறிய தந்தையரும் பாட்டன்மாரும் நம்முள் எத்தனை பேருக்கு இருந்தனர்! ஆகவே, கோவலன் கதையை நாம் வேறொருவர் கதையாகப் படிப்பதில்லை.

இக்காப்பியத்தைக் கற்பின் காவியம் என்றும், அரசியல் அறத்தின் காவியம் என்றும், ஊழின் வலிமை கூறும் காவியம் என்றும் அறிஞர் பலர் ஆய்ந்துள்ளனர். அவையெல்லாம் இளங்கோவடிகளே பதிகத்தில் சுட்டிய உண்மைகள். அவற்றை நாம் மறுக்கவில்லை. எனினும், காப்பியத்தின் நடுவே, பலரும் நின்று நோக்காமல் கடந்து செல்லும் ஓர் இடம் உண்டு. மதுரைக்குச் சென்ற கோவலன் அங்குள்ள வணிகர்களைச் சந்திக்கவே இல்லை என்பதே அது. மூன்று முறை அறிவிக்கப்பட்டு ஒருமுறையும் நிகழாத அச்சந்திப்பைப் பற்றியே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம். மக்கள் தம்முள் கொண்ட உறவும், அவ்வுறவால் அமைந்த சங்கங்களும் ஓர் ஊரின் பொருள் வாழ்வை எவ்வாறு ஆக்குகின்றன, எங்கே தவறுகின்றன என்னும் கேள்விக்கு இவ்விடம் நல்லதொரு வாயிலாக அமைகின்றது.

மும்முறை கூறிய சொல்

முதற்கண் காப்பியம் கூறுவதை வரிசைப்படுத்திக் காண்போம். மதுரையின் புறஞ்சேரியில் தங்கிய மறுநாட் காலையில், கோவலன் கவுந்தியடிகளை வணங்கி, தான் நகருள் சென்று அங்குள்ள வணிகப் பெருமக்களுக்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகவும், அதுவரை கண்ணகி அடிகளின் காப்பில் இருக்கட்டும் என்றும் கூறுகின்றான். இது முதல் முறை. அவ்வாறு சென்றவன் செய்தது யாது? ஊரைச் சுற்றிப் பார்த்தான். மணிகள் விற்கும் வீதியைக் கண்டான். நால்வகைப் பொன்னையும் இனம் பிரித்துக் கொடி கட்டி விற்கும் பொற்கடை வீதியைக் கண்டான். அறுவை வீதியையும் கூல வீதியையும் கண்டான். கண்டு மகிழ்ந்து புறஞ்சேரிக்குத் திரும்பினான். எவரிடத்தும் தன்னை இன்னான் என்று கூறியதாகக் காப்பியத்தில் ஒரு சொல்லும் இல்லை. பொன்னின் தரம் அறிந்த வணிகர் நிறைந்த வீதியில் நடந்தவன், பொற்சிலம்பு ஒன்றை விற்க வந்தவன், வாய் திறவாமல் மீண்டான்.

இரண்டாம் முறை, மாடலனும் கவுந்தியடிகளும் அவனுக்கு அறிவுரை கூறுகின்றனர். புறஞ்சேரி துறவோர்க்கு உரிய இடமாதலின், அங்கே இனித் தங்குதல் பொருந்தாது. நகரில் வாழும் வணிகர் நின் பெருமையை அறிந்து ஏற்றுக்கொள்வர். பொழுது சாய்வதற்கு முன் மனைவியோடு நகர் புகுக என்கின்றனர். மூன்றாம் முறை, கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தரும்போது, இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டாலே இந்நகரத்து வணிகர் பெறற்கரிய பொருளைப் பெற்றவர் போல எதிர்கொண்டு தம் மனையில் வைத்துக் காப்பர். அச்செல்வர் மனைக்கு இவர்கள் போகும் வரையில்தான் இந்த அடைக்கலம் என்கின்றார்.

மூன்று முறையும் ஒரே குறிப்பு! கோவலனுக்கு மதுரையில் உறவு உண்டு. ஏற்றுக்கொள்ளும் மனைகள் உண்டு. தந்தையின் பெயரே போதிய சான்று. ஆயினும் மறுநாள் அவன் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியே கடைத்தெருவுக்குப் போகின்றான். எதிரே வந்த பொற்கொல்லனிடம், முன்பின் அறியாதவனிடம், விலை மதிக்க இயலுமா என்று கேட்கின்றான். அவ்வொரு வினாவே அவன் உயிரைக் கொண்டது. அவனைக் கண்ட காவலருள் சிலர், இவன் முகக்குறி கள்வனுக்கு உரியதன்று என்று தயங்கினர். அந்த நேரத்தில், "இவன் புகார் நகரத்து மாசாத்துவான் மகன்; இவனை நாங்கள் அறிவோம்" என்று கூற ஒரே ஒரு வணிகன் அங்கு நின்றிருந்தால் போதுமே! அறிந்தவர் ஒருவரும் இல்லாமையாலன்றோ பொற்கொல்லனின் பேச்சு வென்றது?

இஃது ஊழ்வினை என்று கூறி அமைவோரும் உளர். ஊழ் வந்து ஊட்டுவது உண்மையே எனினும், அது மனிதர் விட்ட இடைவெளி வழியாகவே உள்ளே நுழைகின்றது என்பதை அடிகள் நுட்பமாகக் காட்டியிருக்கின்றார் என்றே நமக்குத் தோன்றுகின்றது. நிகழாத ஒன்றை மும்முறை நினைவூட்டுதல் பெருங்கவிஞர் ஒருவரிடத்துத் தற்செயலாக நேர்வதன்று.

நாணம் என்னும் தடை

கோவலன் ஏன் அவ்வணிகரைக் காணவில்லை? காப்பியம் காரணத்தை வெளிப்படக் கூறவில்லை. ஆயினும் புகாரை விட்டு நீங்கிய இரவின் பேச்சில் விடை இருக்கின்றது. முன்னோர் ஈட்டிய பொருட்குன்றத்தைத் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருகின்றது என்று அவனே கண்ணகியிடம் கூறினான். அந்நாணத்தால் தாய் தந்தையரிடம் சொல்லிக்கொள்ளாமல் விடியுமுன் வெளியேறினான். பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்தைக் கௌசிகன் வந்து கூறிய பிறகே, மாதவி அனுப்பிய ஓலையையே தன் பெற்றோர்க்கும் காட்டுமாறு திருப்பி அனுப்பினான். இத்தகையவன், நடந்து களைத்த மனைவியோடும் ஒற்றைச் சிலம்போடும் மதுரை வணிகரின் வாயிலில் சென்று நிற்க மனம் ஒப்புவானா? செல்வனாய் இருந்தபோது பிறர்க்கு வாரி வழங்கியவன் அவன். யானையின் பிடியிலிருந்து முதிய அந்தணனைக் காத்ததையும், துயருற்ற குடும்பத்தைப் பல்லாண்டு புரந்ததையும் மாடலன் எடுத்துரைக்கின்றான். கொடுத்துப் பழகிய கைக்குக் கேட்பது அரிது. உறவு அறுந்துபோவது பகையால் மட்டுமன்று, நாணத்தாலும் என்பதை இக்காப்பியத்தைவிடத் தெளிவாகக் காட்டிய நூலை நாம் அறியோம்.

சாதுவன் சென்ற வழி

இரட்டைக் காப்பியங்கள் என்று சிலம்பையும் மணிமேகலையையும் சேர்த்துக் கூறுகின்றோம். ஆனால் இவ்விரண்டிலும் ஒரே வீழ்ச்சி இருமுறை கூறப்பட்டிருப்பதை ஒப்பிட்டு நோக்குவோர் சிலரே. மணிமேகலையில் வரும் சாதுவனும் கோவலனைப் போலவே கணிகையின் தொடர்பாலும் சூதாலும் பொருளிழந்த வணிகன். அவன் மனைவி ஆதிரையும் கண்ணகியைப் போன்ற கற்பினள். இழந்ததை ஈட்டப் புறப்பட்டபோது சாதுவன் தனியே போகவில்லை. கடல் வாணிகர் கூட்டத்தோடு மரக்கலம் ஏறினான். கலம் உடைந்தது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்தவன், அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைத்தான். பின் அவர் தலைவன் தந்த சந்தனம், அகில் முதலிய பொருள்களோடு, அவ்வழி வந்த சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஏறி ஊர் திரும்பினான்.

கோவலனுக்கு நேர்ந்த ஆபத்தைவிடச் சாதுவனுக்கு நேர்ந்தது பெரிது. எனினும் அவனைக் காத்தவை இரண்டு: ஒன்று, அயலாரின் மொழியைக் கற்று வைத்திருந்தமை, மற்றொன்று, தன்னினத்து வணிகர் எங்கும் வந்து போகும் வழியில் அவன் இருந்தமை. அயலாரோடு பேசும் நாவும், தன்னவரோடு சேரும் நெஞ்சும் ஒருங்கே வேண்டும் என்பது சாத்தனார் நமக்குக் காட்டும் பாடம். வேற்று மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இதனினும் பொருத்தமான அறிவுரை உண்டோ?

கல்லில் எழுதிய சங்கங்கள்

இக்கதைகள் வெறும் கற்பனையில் எழுந்தன அல்ல. சாத்து என்பது வணிகர் கூட்டம். மாசாத்துவான் என்னும் பெயரே கூட்டு வாணிகத்தின் அடையாளம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகார் வணிகரைப் பாராட்டும்போது, அவர்தம் செல்வத்தை மட்டும் புகழவில்லை. பிறர் பொருளையும் தம் பொருளைப் போலப் பேணுதலையும், கொள்வதை மிகையாகக் கொள்ளாமல் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமல் விலையை வெளிப்படையாகக் கூறுதலையுமே புகழ்கின்றார். நம்பிக்கையே அந்நகரின் பொதுமுதல் என்பது அதன் கருத்து.

பிற்காலத்தில் அந்நம்பிக்கை அமைப்பாக உருப்பெற்றது. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் ஆகிய வணிகக் குழுக்கள் இடம்பெறுகின்றன. திசையாயிரத்து ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டில் சுமத்திரா தீவின் பாரூசில் பொறிக்கப்பட்டது. பாண்டி நாட்டுப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிகக் குழுவினர் பண்டம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று வரையறுத்துக் கோயிலுக்குக் கொடையளிக்க உடன்பட்ட செய்தியைக் கூறுகின்றது. விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கும் இவ்வழக்கத்தின் சாயலையே நெடுங்காலத்துக்குப் பின் மகமை என்னும் பெயரில் காண்கின்றோம்.

விருதுநகரின் பிடி அரிசி

அம்மகமை ஓர் ஊரையே எழுப்பிய வரலாற்றை விருதுநகரில் காணலாம். விருதுபட்டி என்று முன்னர் வழங்கிய அவ்வூர் வானம் பார்த்த கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது. ஆற்றுப் பாசனமோ கடற்றுறையோ அதற்கு இல்லை. அங்கே வாணிகம் செய்த நாடார் சமூகத்தார் கோயில் நுழைவு உரிமைகூட மறுக்கப்பட்ட நிலையில் வாழ்ந்தனர். 1899இல் சிவகாசியில் நிகழ்ந்த கலவரம் அவர்கள் பட்ட இன்னலுக்குச் சான்று. பிறர் கதவுகள் அடைபட்டபோது அவர்கள் தமக்குள் உறவின்முறை என்னும் அமைப்பை வலுப்படுத்திக்கொண்டனர். வாங்கும் விற்கும் சரக்கின் மீது ஒவ்வொரு வணிகரும் செலுத்திய மகமை பொது நிதியாயிற்று. வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்கப் பேட்டைகள் எழுந்தன. 1889இல் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. வீடுதோறும் நாள்தோறும் சமைக்கும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பழக்கம் அப்பள்ளியைத் தாங்கியது. 1903இல் பிறந்த காமராசர் படித்த பள்ளி அதுவே என்பதை நாம் அறிவோம்.

ஒரு பிடி அரிசி சிறிது; ஆனால் அதற்குள் இருவகை ஆற்றல் உண்டு. நிதியைச் சேர்ப்பது ஒன்று. நாளும் கொடுக்கும் குடும்பம் அப்பள்ளியைத் தன் பள்ளி என்று கருதத் தொடங்குவது மற்றொன்று. இரண்டாவதே பெரிது. கொடுத்தவர் கணக்குக் கேட்பர். கணக்குக் கேட்கும் இடத்தில் பொதுப்பணம் எளிதில் தவறுவதில்லை. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் இயங்குகின்றது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். உறவு ஊரில் முதலைத் தந்தது. அயலூர் தொழிலறிவைத் தந்தது. சாதுவன் கதையில் நாம் கண்ட இரட்டைப் பாடம் இங்கே வரலாறாக நிகழ்ந்தது எனலாம்.

மேலை நாட்டு அறிஞரும் இவ்வுண்மையை வேறு வழியில் வந்து கண்டுள்ளனர். மார்க் கிரானவெட்டர் என்னும் சமூகவியலார் 1973இல் எழுதிய கட்டுரையில், ஒருவர்க்கு வேலை கிடைக்கும் வழியை ஆராய்ந்து, நெருங்கிய உறவினரைவிடச் சற்றே அறிமுகமானவர் வாயிலாகவே புதிய செய்திகள் மிகுதியும் வருகின்றன என்றார். நெருங்கியவர் அறிந்ததை நாமும் முன்பே அறிந்திருப்போம் அன்றோ? இராபர்ட் பட்னம் 1993இல் வெளியிட்ட நூலில் இத்தாலியின் வட பகுதியையும் தென் பகுதியையும் ஒப்பிட்டு, இசைக்குழு, விளையாட்டுக் கழகம் போன்ற குடிமக்கள் சங்கங்கள் மலிந்த இடங்களில் ஆட்சியும் பொருள் வாழ்வும் செம்மையுற்றன என்று வாதிட்டார். சமூக முதல் என்று இன்று கூறப்படும் கருத்தின் சாரம் இது. திருக்குறளின் பொருட்பாலில் சுற்றந்தழாலுக்கும் நட்புக்கும் தனித்தனி அதிகாரங்கள் அமைந்திருப்பதை நினைக்கும்போது, இது நமக்கு முற்றிலும் புதிய கருத்தன்று என்பது விளங்கும்.

உறவின் நிழல்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு உறவு இருந்தால் எல்லாம் நலமே என்று முடிவு கட்டுவது திறனாய்வு ஆகாது. உறவுக்கு ஒளியும் உண்டு, நிழலும் உண்டு. புதுமைப்பித்தனின் துன்பக் கேணியைப் படித்தோர் இதனை மறவார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்று மருதி படும் துயரம் அக்கதை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் தொழிலாளரின் ஊரை அறிந்தவனே; அவர்தம் மொழியைப் பேசியவனே. அந்த அறிமுகமே தூண்டிலாயிற்று, முன்பணமே விலங்காயிற்று. தெரிந்தவன் என்னும் சொல் அடைக்கலமும் ஆகலாம், கண்ணியும் ஆகலாம்.

தொழில் வளர்ந்த சிவகாசிப் பகுதியிலேயும் அந்நிழல் படிந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் ஏழைக் குழந்தைகள் உழைத்தது நாடறிந்த செய்தி. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996இல் சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தம் சமூகக் குழந்தைகளுக்குப் பிடி அரிசியால் பள்ளி கட்டிய நிலத்திலேயே, உறவின் வட்டத்துக்கு வெளியே நின்ற குழந்தைகள் கந்தகத்தின் நடுவே இருந்தனர். இதைக் கூறுவது ஒரு சமூகத்தைக் குறை கூறுவதற்கன்று. வட்டம் வரைந்தவர் எவராயினும், வட்டத்துக்கு வெளியே கண் செல்வது அரிது என்பதற்கே கூறினோம். உறவால் எழுந்த வளம் உறவின் எல்லையிலேயே நின்றுவிடுமாயின், அதனை ஊரின் வளம் என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்தில் மீண்டும் சிலம்புக்கு வருவோம். கண்ணகியை ஏற்றுக் காத்தவள் யார்? அவள் குலத்து வணிகர் அல்லர்; ஆயர் குலத்து முதுமகள் மாதரி. கவுந்தியடிகளின் ஒரு சொல்லை நம்பி, முன்பின் அறியாத பெண்ணைத் தன் மனைக்கு அழைத்துச் சென்று, புதிய இல்லமும் சமைக்க அரிசியும் காய்களும் தந்து, தன் மகள் ஐயையைத் துணையாக வைத்தாள். சான்று கூற ஒருவர் இருந்தமையால் கண்ணகி காப்புற்றாள். சான்று கூற ஒருவரும் இன்மையால் கோவலன் மாண்டான். அச்சான்று குலத்தைக் கடந்து வந்தது என்பதே நாம் கருதத்தக்கது. அடைக்கலக் காதை என்று அப்பகுதிக்குப் பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

நம் சங்கங்களின் கடமை

வெளியூர்த் தமிழர் சங்கங்களின் வரலாற்றை இந்நோக்கில் எழுதினால், அது அடைக்கலத்தின் வரலாறாகவே அமையும். தலைநகர் தில்லியில் தமிழர் 1923இல் தொடங்கிய கல்விக் கழகமும், பம்பாயில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் இன்றும் பள்ளிகளை நடத்துகின்றன. அங்கே தமிழர் அல்லாதார் பிள்ளைகளும் படிக்கின்றனர். மகமை போன்ற சிறு கொடைகளால் தொடங்கிய வட்டம் அயலாரையும் உள்ளடக்கி விரிந்தமைக்கு இவை சான்று. தாராவியில் நெல்லைச் சீமையிலிருந்து வந்தோர் தோல் தொழிலிலும், பிறர் உணவுத் தொழிலிலும் நிலைபெற்றதும், முன்வந்தவர் பின்வந்தவர்க்கு இடம் காட்டியதாலேயே நிகழ்ந்தது.

ஆயினும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இன்று நம் சங்கத்தின் வாயிலுக்கு வருபவர் யார்? வீடு வாங்கியவர் வருகின்றார். பதவி உயர்வு பெற்றவர் வருகின்றார். நன்கொடை தர இயன்றவர் வருகின்றார். வேலை இழந்தவர் விழாவுக்கு வருவதை நிறுத்திக்கொள்கின்றார். தொழிலில் நட்டமடைந்தவர் பொங்கலன்று கதவைச் சாத்திக்கொள்கின்றார். கோவலனைத் தடுத்த அதே நாணம் அவர்களையும் தடுக்கின்றது. மதுரை வணிகர் நல்லவர்கள், கேட்டிருந்தால் ஏற்றிருப்பார்கள். ஆனால் அவர்கள் தம் மனையில் காத்திருந்தார்கள், தேடி வரவில்லை. அவர்கள் மேல் காப்பியம் குற்றம் சாட்டவில்லை. நாமோ அவர்களுடைய வீதியில் இன்று வாழ்பவர்கள். ஆகவே அவ்வளவில் அமைதி கொள்ள நமக்கு இயலாது.

புதிதாய் வந்த குடும்பம் எங்கே தங்கியுள்ளது என்று சென்று காண்பதும், வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும், "இவரை நாங்கள் அறிவோம்" என்று வேலை தருவோரிடமும் வீடு தருவோரிடமும் கூற முன்வருவதும் மேடையில் நிகழும் பணிகள் அல்ல. மலரில் படம் வெளிவரும் பணிகளும் அல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் பொருள் வாழ்வு அவற்றின் மேலேயே நிற்கின்றது. அச்சொல்லைத் தமிழர்க்கு மட்டுமன்றி, நம் தெருவில் வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளிக்கும் கூறும் நாளில், நாம் மாதரியின் வழியினர் ஆவோம்.

கோவலன் மதுரையின் பொற்கடை வீதியில் நடந்து சென்றபோது, ஒரு வணிகன் தன் கடையிலிருந்து இறங்கி வந்து, "தம்பி, எவ்வூர்?" என்று கேட்டிருந்தால், சிலப்பதிகாரம் என்னும் காப்பியம் நமக்குக் கிடைத்திராமற் போயிருக்கலாம். ஆனால் கண்ணகி தன் கணவனோடு வாழ்ந்திருப்பாள். இனி நம் நகரங்களில் அந்த வினாவைக் கேட்பது நம் கையில் இருக்கின்றது.